இளஞ்சிவப்பு ரிப்பன்

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். அவள் புருஷன் அதைத்தான் செய்திருந்தான். தையல்காரியைக் கட்டிக்கொண்டு, தன் குளிர்கோட்டின் உள்பையைத் தானே தைத்து மூடியிருந்தான். அதுவும் எப்படி? நூலை இரட்டையாகக் கோர்த்து, கோணலும் மாணலுமாக, முடிச்சை வெளியே விட்டு. கோட்டின் கை கிழிந்திருக்கிறதே, சரிசெய்து வைப்போம் என்று மடியில் எடுத்துப் போட்டவளின் கண்ணில் அது படாமல் போகுமா?

பிரித்தாள். உள்ளே ஒரு பதக்கம் இருந்தது.

பதக்கம் அவளுக்குப் புதிதல்ல. முகாம் வாசலுக்கு எதிரே நாத்தனார் நடத்தும் தையல்கடையில் அவளுக்கு வேலையே அதுதான். பட்டாளத்தாரின் பதக்கங்களை ரிப்பனோடு வரிசையாகச் சேர்த்து, சட்டையில் குத்துவதற்கு ஏற்றபடி கட்டிக் கொடுப்பாள். சொந்த நாட்டுப் பதக்கம் முதலில், அந்நிய நாட்டுப் பதக்கம் கடைசியில். அந்நியப் பதக்கம் என்றால் அனுமதிக் கடிதத்தைக் கண்ணில் காட்ட வேண்டும். காட்டாதவன் மேஜரே ஆனாலும் ஊசியைத் தொட மாட்டாள். அந்த முகாமில் புழங்கும் ரிப்பன்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இந்த ரிப்பன் இளஞ்சிவப்பு. எந்தப் பட்டாளத்தான் நெஞ்சில் இளஞ்சிவப்பைக் குத்திக்கொண்டு நடப்பான்?

போன வருஷம் பூகம்பம் வந்த ஒரு நாட்டுக்கு மீட்பு வேலைக்காக அவள் புருஷனுடைய படை போயிருந்தது. போன அத்தனை பேருக்கும் அந்த அரசாங்கம் நீலமும் மஞ்சளுமாக ஒரு பதக்கம் கொடுத்தது. மற்றவர்கள் அதைக் குத்திக்கொண்டுதான் விமானத்தை விட்டே இறங்கினார்கள். இவன் மட்டும் அனுமதி வரும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. படையில் அவனுக்குப் பெயரே 'சட்டம்'. அந்நியன் எதைக் கொடுத்தாலும் உடனே மேலதிகாரியிடம் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும், அனுமதி வந்த பிறகுதான் அது நம்முடையது என்று பெண்டாட்டிக்கே பாடம் எடுத்தவன். அப்பேர்ப்பட்டவன் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான் என்றால்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊர் திரும்பியதிலிருந்து அவன் சாப்பாட்டில் உப்பு குறைவு, காரம் அதிகம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. புத்தி வந்துவிட்டது என்று இவளும் பூரித்துப் போயிருந்தாள், பைத்தியக்காரி. குறை சொல்லாத புருஷனை எந்தப் பெண்டாட்டியாவது நம்புவாளா?

மறுநாள் கடைக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அந்த நாட்டில் அதிகாரிகளோடு இருந்தவர். கால்சட்டை இடுப்பைத் தளர்த்த வந்திருந்தார். நாத்தனார் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே இவள் பதக்கத்தை நீட்டினாள்.

"ஒரு கஸ்டமர் விட்டுட்டுப் போயிட்டாருங்க. இதுல என்னங்க எழுதியிருக்கு?"

வாங்கிப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரும்மா அந்தப் புண்ணியவான்? இது பட்டாளத்துப் பதக்கமே இல்ல. அங்க ஏழு புள்ள பெத்து வளர்த்த தாய்க்கு அரசாங்கம் கொடுக்கறது."

"ஏழா!" என்றாள் நாத்தனார், வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. "பதக்கம் போதாதுங்க, அவளுக்குப் பென்ஷனே கொடுக்கணும்."

"வேடிக்கை இருக்கட்டும். அந்த ஆளை உடனே ஒப்படைக்கச் சொல்லுங்க. திங்கக்கிழமை சோதனை. சொல்லாம வச்சிருந்து மாட்டினா சட்டக் கையில இருக்கற பதவிக் கோடு போயிடும்."

நாத்தனார் இவள் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தலவலி."

தம்பியை விட்டுக்கொடுக்காத அக்காளிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊசியைக் கோர்த்தாள், விட்டாள், மறுபடி கோர்த்தாள். அரசாங்கமே மெச்சிக் கொடுத்த பதக்கத்தை ஒருத்தி கழற்றி அயலான் கையில் கொடுப்பாளா? கொடுத்தாள் என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும்? ஏழு பிள்ளைக்காரியாக இருந்தால் என்ன, பொம்பளை பொம்பளைதானே. கோடு போனால் போகட்டும், புருஷன் போய்விட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தரையில் உட்கார்ந்து, சோதனைக்காகப் பூட்ஸுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தான். பதக்கத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"இது யாரோடதுங்க?"

அவன் பிரஷைக் கீழே வைத்தான். "அங்க ஒரு அம்மா கொடுத்தது."

"அம்மாவா? என்ன வயசு அந்த அம்மாவுக்கு?"

"உன்னவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும்."

"ஓகோ! வயசெல்லாம் கணக்கா தெரிஞ்சு வச்சிருக்கீங்க. தையல்காரிகிட்டயே தையல் போட்டு மறைக்கற அளவுக்கு அப்படி என்ன உறவு? சும்மா கொடுத்தாளா?"

"சும்மா கொடுக்கல."

கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே பேசினான்.

"மூணு மாடி வீடு, அப்படியே உக்காந்துடுச்சு. அவ புள்ளைங்கள்ல ஆறு பேர எடுத்தோம். ஒருத்தர்கூட உயிரோட இல்ல. ஏழாவது இன்னும் உள்ள. அப்ப உத்தரவு வந்துச்சு. அடுத்த தெருவுல பள்ளிக்கூடத்துக்கு அடியில சத்தம் கேக்குது, உடனே கெளம்புங்கன்னு. சத்தம் கேக்கற எடத்துக்குத்தான் முதல்ல போகணும். அதுதான் விதி. இங்க சத்தம் நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுன்னா? முன்னாடி கேட்டுதா?"

"காலையில கேட்டுது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் மனசுக்குள் அவள் சிங்காரித்து வைத்திருந்த அந்தப் பெண் இப்போது புழுதியோடு எதிரே வந்து நின்றாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"அப்பவே ஒப்படைச்சிருக்கலாமே. அன்பளிப்புன்னு சொன்னா யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"ஒப்படைச்சா, எந்தச் சேவைக்காகக் கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் எழுதித் தரணும். என்னன்னு எழுதுவேன்? பாஷை தெரியல. என் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லி அழுதா. கழுத்துல தொங்கின பையிலேருந்து இத எடுத்து உள்ளங்கையில வச்சு அழுத்தினா. நன்றி சொல்றான்னு நெனச்சேன். சல்யூட் அடிச்சேன். லாரி கெளம்பினதும் பின்னாலயே ஓடி வந்தா. அப்பத்தான் புரிஞ்சுது, போகாதேன்னு சொல்லி அதக் கொடுத்திருக்கான்னு."

அவள் அதோடு விட்டிருக்கலாம். புருஷன் எங்கேயும் போய்விடவில்லை. கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தேகக்காரிக்குப் பாதி உண்மை செரிக்காது. அவன் சொன்னதில் ஒரு இடம் கோணலாக இருந்தது. விதிக்கு மாறாக ஒரு பேனாவைக்கூட வாங்காதவன், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஒரு அந்நியப் பதக்கத்தை மட்டும் எப்படி மறுக்காமல் வாங்கினான்?

"நெஜமாவே நன்றின்னுதான் நெனச்சீங்களா?"

அவன் பிரஷை மறுபடி கையில் எடுத்தான்.

"இல்ல," என்றான். "அத வாங்கினாத்தான் அவ என் கைய விடுவா. அதனால வாங்கினேன்."