மிஸ்டேக் ஆயிடுச்சு சார்

அம்மாவின் வலது கையில் முழங்கைவரை கட்டு. மகளுக்கு வயிறு எரிந்ததோ அம்மாவின் வாயை நினைத்துத்தான்.

ஓட்டல் துணிகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவைக்கூடம் அது. தேய்ப்பு மெஷினின் மூடி தானாக விழுந்து அம்மாவின் கை வெந்ததும், ஓடிவந்த மேனேஜர் "ஆக்சிடென்டா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஆக்சிடென்ட் என்றால் நடுரோட்டில் லாரி மோதியிருக்க வேண்டும். "ஐயோ, அதெல்லாம் இல்ல சார். சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சு" என்று சொல்லி வைத்தாள்.

மேனேஜர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தப்பு அவளுடையது, ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது, இனி வேலையும் கிடையாது.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் மகள். மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"வாம்மா, டிகிரி! உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்களே" என்றார் அவர்.

"எதை? மிஸ்டேக் பண்ணிட்டேன்னா சொன்னாங்க? ஆயிடுச்சுன்னுதானே சொன்னாங்க! பால் பொங்கினாலும் எங்க வீட்ல மிஸ்டேக் ஆயிடுச்சுதான். பஸ் போயிட்டாலும் மிஸ்டேக் ஆயிடுச்சுதான்."

"எனக்கே இங்கிலீஷ் கிளாஸா?"

"ஆமா சார். ஃபீஸ் வேணாம்."

வாசலில் எட்டிப் பார்த்த பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் சட்டென்று குரலை இறக்கினார். "சரி, ஆக்சிடென்ட்னே மேலிடத்துல சொல்லிடறேன். செலவும் கிடைக்கும், வேலையும் இருக்கும். யார் மேலயும் தப்பில்ல. போதுமா?"

அம்மா ஒற்றைக் கையால் கும்பிட்டாள்.

மகளுக்குச் சுருக்கென்றது. யார் மேலும் தப்பில்லையாமே! இந்தச் சொல்லுக்காகவா தொண்டை வறளக் கத்தினாள்? மூடியைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கி முன்பே ஒடிந்துவிட்டது என்று அம்மா வீட்டில் சொல்லியிருந்தாள். அதற்குப் பதில் கயிறு கட்டி ஓட்டச் சொன்னவர் இதே மனிதர். மிஸ்டேக் என்றால் அம்மா தலையில் விழுகிறது. ஆக்சிடென்ட் என்றால் ஆகாயத்திலிருந்து விழுகிறது. இவர் மேல் மட்டும் எதுவும் விழாது.

"அந்த மெஷின்ல இப்ப யாரு நிக்கிறாங்க?"

"உங்க சித்திதான்."

"கொக்கி மாத்தியாச்சா?"

"கயிறு புதுசும்மா."

மகள் கூடத்துக்கு விரைந்தாள். "சித்தி, கையை எடு!" மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள். இரைச்சல் அடங்கியது.

"யாரைக் கேட்டு நிறுத்தின? உங்கம்மா வேலை போயிடும், பாத்துக்க!" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

மகள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த அம்மா, அவர் கை எட்டாதபடி சுவிட்சை மறைத்து நின்றுகொண்டாள்.