பிறக்காத பிள்ளைக்கு ஒரு சட்டை

பூரணிக்கும் அந்தத் தையல் மெஷினுக்கும் ஏழாம் பொருத்தம். தொட்டால் நூல் அறும், விட்டால் சிக்கும். மெஷின் அவளுடையதும் அல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் இக்னேசியஸின் பெண்சாதி பவுலினுடைய கை மெஷின். வலக்கையால் பிடியைச் சுற்ற வேண்டும், இடக்கையால் துணியை மெல்ல நடத்திக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதானாம். சொல்கிறவர்களுக்கு என்ன, உட்கார்ந்து பார்த்தால் அல்லவா தெரியும்!

பூரணியின் கை, விவரம் தெரிந்த நாளிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுத்த கை. மலையில் இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே தூக்கி, முதுகில் தொங்கும் கூடைக்குள் வீச வேண்டும். அந்தப் பழக்கம் மெஷினைக் கண்டதும் விட்டுப் போகுமா? தையல் கொஞ்ச தூரம் நேராக ஓடும். இடக்கையில் துணி சேர்ந்ததும், அந்தப் பாழாய்ப்போன கை தன்பாட்டில் தோளுக்கு எழும்பிவிடும். துணி இழுபட்டு ஊசி பட்டென்று உடையும்.

“ஏன்டி, இங்கயும் முதுகுல கூடையா தொங்குது?” என்று பவுலின் முதல் ஊசிக்குச் சிரித்தாள். அடுத்த ஊசிக்குச் சிரிக்கவில்லை. “ஊசி வாங்க நான் நுவரெலியாவுக்குல்ல போவணும்! துணியக் குடு, நானே தைச்சுத் தாரேன்.”

“வேணாம் மாஸ்டரம்மா. நான்தான் தைக்கணும்.”

“ஒரு தலகாணி உறைக்கு இம்புட்டுப் பிடிவாதமா?”

பூரணி துணியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். தலையணை உறை என்பது ஊருக்குச் சொன்ன பொய். அவள் வயிற்றில் மூன்றாவது பிள்ளை இருந்தது. முதல் இரண்டும் மாசம் நிறையுமுன்னே வந்து, லயத்துக் காம்பராவின், அந்த ஒற்றை அறையின், குளிரில் நீலம் பாரித்துப் போய்விட்டன. பழைய வேட்டித் துண்டில் சுற்றிப் படுக்க வைத்த பிள்ளைகள். ஒரு கனத்த சட்டை மட்டும் தயாராக இருந்திருந்தால் ஒன்றாவது தங்கியிருக்கும் என்று அவள் மனசில் ஊறிவிட்டது. மருந்துக்காரர் என்ன சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

ஆனால் பிறக்காத பிள்ளைக்குத் துணி வெட்டலாமா? எமனைக் கூப்பிட்டுப் பாய் போட்ட மாதிரி ஆகிவிடாதா? மாமியார் வேலாயி அதில் மகா கண்டிப்பு. புருஷன் சோலைமலை மட்டும் ராகலைக் கடையில் கனத்த பிளனல் துணி வாங்கி வந்து, “அம்மா கேட்டா நான் வாங்கலன்னுதான் சொல்லுவேன்” என்று கொடுத்துவிட்டு நழுவிவிட்டான். பவுலினைத் தைக்கச் சொன்னால் நாளைக்கு ஒன்று ஆனால் பழி அவள் தலையில் விடியும். பாவம் வந்தால் தன்னோடு போகட்டும் என்று பூரணி நினைத்தாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பவுலின் வீட்டுக்குப் போனாள். இடக்கை எழும்பாமல் இருக்க, முந்தானையால் முழங்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தைத்தாள். விரல்கள் மட்டும் துணியைத் தள்ளின. பவுலின் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். தையல் கோணிக்கொண்டு போனாலும் சட்டை ஒரு வழியாகச் சட்டையாயிற்று. அந்த உருவத்தைப் பார்த்ததும் பவுலினுக்கு விளங்கிவிட்டது. அவள் ஒன்றும் கேட்காமல் பெட்டியிலிருந்து இரண்டு பித்தான் எடுத்துக் கொடுத்தாள்.

வேலாயியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அரிசிச் சாக்குக்குப் பின்னால் பூரணி ஒளித்து வைத்த சட்டையை இழுத்தெடுத்துவிட்டாள்.

“அடி பாவி! ரெண்டு போனது பத்தாதா? இதுக்கும் கோடித்துணி தைச்சு வச்சிட்டியா?”

“அத்தே, குளுருக்குத்தான்...”

“வாய மூடு!”

சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். அடுப்பில் போட்டாளோ, ஆற்றில் விட்டாளோ, பூரணிக்குக் கேட்கப் பயம். அன்றிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையாத ஒவ்வொரு நேரமும், தான் தைத்ததால்தானோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். மலையில் நிரையில் நிற்கும்போதே அழுகை வரும். கொழுந்து நிறுக்கிற நிறுவைக்காரன் கேட்டால் மழைத்தண்ணி என்பாள்.

மாசம் நிறைந்து ஆண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் அந்தி, தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று, சாரல். வேட்டித் துண்டுக்குள் பிள்ளையின் கால் சில்லிட்டது. அழுகை சன்னமானது. இந்த அடங்குகிற அழுகையைப் பூரணிக்குத் தெரியும்.

“அத்தே, சட்டையக் குடுங்க! எரிச்சுப் போட்டிருந்தா அதையாச்சும் வாய் தொறந்து சொல்லுங்க!” என்று கத்தினாள்.

வேலாயி தன் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து சட்டையை எடுத்து வந்தாள். எரிக்க அவளுக்கும் கை வரவில்லை; அன்றைக்கே மடியில் மறைத்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தாள்.

“மாரியாத்தா, நீ பாத்துக்க” என்று சொல்லிக்கொண்டே அவளே போட்டுவிடப் போனாள். போட எங்கே முடிந்தது? பிள்ளையின் முஷ்டி சட்டைக் கைக்குள் நுழையவில்லை. நெஞ்சில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்த இழுப்பில் பிள்ளை வீறிட்டு அலறியது.

“என்னாடி இது, பொம்மைக்கா தைச்சே? எத வச்சு அளவு எடுத்தே?”

பூரணி தன் இடக்கையை நீட்டிக் காட்டினாள். “அதுக ரெண்டும் இதுலதானே அத்தே கெடந்துச்சுக. முழங்கையில தலைய வச்சா காலு மணிக்கட்டுக்கு எட்டாது. எனக்கு வேற அளவு தெரியாதே.”

வேலாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டையும் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள்தான். பிறகு சட்டையைப் பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தாள். பூரணி கட்டிய கையோடு தைத்த தையல், சுலபத்தில் பிரியவில்லை. பிரித்து, துணியை விரித்துப் பிள்ளையின் நெஞ்சில் சுற்றி, தன் கம்பளியையும் மேலே போட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே அவன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான். வேலாயியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“பத்தலடி பூரணி” என்றாள். “இவனுக்குப் பத்தல.”