காற்றடித்து நிமிர்த்திய வண்டி

ஹார்லன் குடியிருக்கும் வசதியுள்ள புது ட்ரெய்லரை டிரக்கில் மாட்டிய அன்று, டிரக்கின் பின்பக்கம் நாய் குந்தியதுபோல் தாழ்ந்துவிட்டது. கேம்ப்கிரவுண்டில் ட்ரெய்லர்களோடு தங்கியிருந்த கிளப்பே காப்பியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு வேறென்ன வேலை? மனுஷருக்கு மானம் போய்விட்டது. மறுநாளே பின் அச்சுக்கு மேல் இரண்டு காற்றுப் பைகளை வைத்து, பம்படித்து, வண்டியை நிமிர்த்திவிட்டார்.

"காத்தடிச்சா நிமிர்ந்துதான் நிக்கும். தாங்குற அளவு கூடிடுமா?" என்றார் பக்கத்து இடத்து டுவைட். "எவ்வளவு சுமக்கலாம்னு கதவோரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரப் படிச்சியா?"

"பதினஞ்சாயிரம் பவுண்டு இழுக்கும்யா இது. வித்தவனே சொன்னான்."

"இழுக்கிறது வேற, முதுகுல சுமக்கிறது வேற. அந்த ட்ரெய்லர் தன் எடையில அஞ்சுல ஒரு பங்கை உன் டிரக் மேல சாய்ச்சிருக்கு. நீ, வெர்னா, நாய், டூல் பாக்ஸ் எல்லாம் அதுக்கு மேல."

"உனக்குப் பொறாமை."

அதைக் கேட்டு வெர்னாவும் அப்போது சிரித்தாள்தான். இப்போது, குளிர்காலத்தைக் கழிக்கக் கிளப்போடு தெற்கே போகும் வழியில், மலைக்கணவாய் ஏற்றத்தில், பக்கத்து சீட்டிலிருந்து கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் சூடானால் கத்தும் கருவி கீச்சென்று கத்தியது. ஹார்லன் சட்டென்று அதை அணைத்தார்.

"எதுக்கு அணைச்சே?"

"வெயில்ல கத்துது."

ரோட்டோரம் பனி கிடந்தது.

"போன வாரம் லாரிங்க எடை போடுற இடத்துல நின்னியே, டீசலுக்குன்னு. டீசலுக்கா?"

அவர் காது மடல் சிவந்தது.

"எவ்வளவு அதிகம், ஹார்லன்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஸ்டிக்கர்ல போட்டதுக்கு மேல ஆயிரத்து நானூறு பவுண்டு. பின் டயரும் அதைத் தாங்காது."

உச்சியில் ஒதுங்க ஒரே ஓர் இடம். அதற்கப்புறம் செங்குத்தான இறக்கம்தான். இடம் கண்ணில் பட்டும் ஹார்லன் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பின்னாடி கிளப்பே வருது, வெர்னா. டுவைட் பாப்பான்."

"பாக்கட்டும். டயர் வெடிச்சு நாம உருண்டாலும் அவன்தான் பாக்கப் போறான்."

சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவில் கை வைத்தாள். டிரக் டிங் டிங்கென்று அலறியது. அதை அணைக்க ஹார்லனிடம் பொத்தான் இல்லை. பிரேக்கை மிதித்தார். ட்ரெய்லர் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது. ஒதுங்கும் இடத்தின் கடைசிச் சரளையில், பள்ளத்தைப் பார்த்தபடி வண்டி நின்றது.

பிறகு ஹார்லன் இறங்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ட்ரெய்லரை டிரக்கிலிருந்து கழற்ற அதன் முன்கால்களை இறக்க ஆரம்பித்தார். கிளப் முழுவதும் வந்து வரிசையாக நின்றது. டுவைட் பின் டயரில் கை வைத்து, சுட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என் ட்ரெய்லரைக் கீழ விட்டுட்டு வந்து உன்னுதை இறக்கறேன். என் வண்டிக்குப் பின்னாடி நாலு டயர், தாங்கும்." அவ்வளவுதான் சொன்னார்.

ஹார்லனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "ஏதாவது திட்டித் தொலையேன்யா!"

"கீழ போய்த் திட்டறேன். கேக்க நீ இருக்கணுமில்ல?"

திட்டினார். வசந்தம் வரும்வரை திட்டினார்.