இலை கிழிக்காமல் அடுத்த டேக் கிடையாது

சிங்ராய் கிஸ்கு தன் இரண்டாவது படத்தில் ஒரு காரியம் பண்ணி வைத்தான். கல்யாணக் காட்சியில் மாப்பிள்ளை சிந்தூரத்தை எடுத்துக் கையைத் தூக்குகிறான். உடனே கேமரா மேலே போய் ஒரு மர உச்சியைக் காட்டுகிறது. மத்தளம் முழங்க, இரண்டு கிளிகள் பறக்கின்றன. அடுத்த காட்சியில் கதாநாயகி இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். பம்பாய்க்காரன் எடுத்தால் இதற்கு நாசூக்கு என்று பெயர். சாகுலியா பக்கத்துச் சந்தைத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டபோது சனங்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

"கிளி பறந்தா கல்யாணம் ஆயிடுமாடா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். அத்தோடு விட்டார்களா? மறுநாள் பஞ்சாயத்துக் கூட்டி சிங்ராயைக் கூப்பிட்டார்கள். சிந்தூரம் வைக்காமல் இரண்டு பேரை ஒரே வீட்டில் இருக்க விட்டது யார், நீதானே என்றார்கள். ஐயா, அது சினிமா என்று அவன் கெஞ்சினான். "சினிமான்னா குழந்தை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்கள். ஒரு ஆடும் ஒரு பானை ஹண்டியா என்கிற அரிசிக் கள்ளும் அபராதமாகப் போயிற்று, அந்த ஹண்டியாவில் அவனுக்கும் ஒரு தொன்னை ஊற்றிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் அவன் வேண்டுமென்று கிளியைக் காட்டவில்லை. வகிட்டில் சிந்தூரம் வைக்க நடிகைகள் யாரும் சம்மதிப்பதில்லை. நாலு பேர் பார்க்க ஒருத்தன் ஒருத்தி நெற்றியில் சிந்தூரம் வைத்துவிட்டால் சந்தால் பழங்குடிக்காரர்களுக்கு அது கல்யாணம். வைத்தவன் டைரக்டர் சொல்லி வைத்தானா, தானாக வைத்தானா என்பதெல்லாம் அப்புறம். காட்டாவிட்டால் அபராதம், காட்டலாமென்றால் நடிகை ஓடிவிடுகிறாள். டவுன் தியேட்டர்காரன் சந்தாலிப் படம் என்றாலே, "அதான் சந்தையில ஓட்டறீங்களே, இங்க எதுக்கு?" என்று கதவைச் சாத்துகிறான். இருக்கிற சந்தைத் திடலிலும் மானம் போனால் மனுஷன் எங்கே போய்ப் படம் போடுவான்?

ஆகவே மூன்றாவது படத்தில் சிந்தூரத்தைக் காட்டியே தீருவது என்று சிங்ராய் கங்கணம் கட்டிக்கொண்டான். தும்னி பாஸ்கே மட்டும்தான், "பொடிதானே, வைக்கட்டும்," என்றாள். ஜம்ஷெட்பூரில் துணிக்கடையில் நிற்கிற பெண். லீவு போட்டுவிட்டு வந்து நடிப்பாள். அவனுடைய மூன்று படத்திலும் அவள்தான் நாயகி; போன படத்தில் மறுத்தவள் இந்தத் தடவை ஏனோ சம்மதித்தாள்.

தும்னி விஷயத்தில் சிங்ராய் சுத்தக் கோழை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து வசனமாக எழுதுவான், காலையில் அதை எவனோ ஒரு ஹீரோ அவளைப் பார்த்துப் பேசுவான், இவன் கேமராவுக்குப் பின்னால் நின்று வாயசைப்பான். ஷூட்டிங்குக்கு வருகிற வழியில் அவள், "அறுவடை முடிஞ்சதும் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கறாராம்," என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் அவன். வாயிலிருந்து வந்ததோ, "அப்படியா, டப்பிங் தேதி இடிக்காதே?" என்பதுதான். அவள் அதற்குப் பிறகு ஷூட்டிங் ஊரான மஹுல்டி வரும்வரை பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

மஹுல்டியில் ஊர்த்தலைவர், அதாவது மாஞ்சி, தன் முற்றத்தையே படப்பிடிப்புக்குக் கொடுத்தார். சனமும் கொடுத்தார். மாஞ்சி பாபா என்று ஊரே கூப்பிடுகிற அந்த மனுஷருக்குக் கிண்டல் என்றால் உயிர், ஆனால் முகத்தில் காட்ட மாட்டார். நாயகன் ராக்கி சோரேன், பாட்டு வீடியோக்களில் ஆடிப் பேர் வாங்கியவன், செம்பட்டை அடித்த தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கினான். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ சோரேன், அவ பாஸ்கே. வேற வேற குலம். நல்லது," என்றார் மாஞ்சி.

"அது எதுக்கு பாபா? சும்மா நடிப்பு," என்றான் சிங்ராய்.

"மத்தளம் அடிப்பியா?"

"அடிப்போம்."

"பொண்ணைக் கூடையில தூக்குவியா? மாப்பிள்ளை இன்னொருத்தன் தோள்ல ஏறி சிந்தூரம் வைப்பானா? என் ஊர் பூரா பார்க்குமா?"

"ஆமாம்."

"அப்போ அதுக்குப் பேரு கல்யாணம். நீ கேமரா வச்சுக்கோ, வைக்காம போ. சிந்தூரம் வச்சா புருஷன் பெண்டாட்டி. வேண்டாம்னா முறைப்படி இலை கிழிச்சுத் தீர்த்துக்கிட்டுப் போங்க."

சிங்ராய் தும்னியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். ராக்கி, "அண்ணே, ஒரு இலைதானே, கிழிச்சுப் போட்டுடலாம்," என்றான். ஒரே டேக்கில் முடிந்துவிடும் என்று மூவரும் நினைத்தார்கள், பாவம்.

கேமரா நிமாயுடையது. கல்யாண வீடியோ எடுப்பதுதான் அவர் தொழில், மறுநாள் ஜம்ஷெட்பூரில் முகூர்த்தம் இருந்ததால் பொழுது சாய்வதற்குள் கிளம்பியாக வேண்டும். திரும்ப அவரைப் பிடிப்பதென்றால் தை மாசி முகூர்த்தமெல்லாம் கழிய வேண்டும். அதற்குள் படம் போடுகிற திருவிழா மேளாக்களும் முடிந்துவிடும். இன்றைக்கு இந்த ஒரு ஷாட் கிடைக்காவிட்டால் படம் மறுபடியும் கிளிதான்.

நாலு பேர் தும்னியை மூங்கில் கூடையில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். கும்பா என்கிற கட்டைத் தடியன் ராக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மத்தளம் அதிர்ந்தது. ராக்கி அழகாகச் சிந்தூரம் வைத்தான். அருமை என்று சிங்ராய் கத்தப் போகிற நேரத்தில்தான் கவனித்தான், மாப்பிள்ளை மஞ்சள் வேட்டியோடு கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தான்.

"கட். இன்னொரு தடவை."

"இரு இரு," என்று மாஞ்சி நடுவே வந்தார். "ஆனது ஆச்சு. முதல்ல இதைத் தீர்த்துடு. இலை கிழிக்காம அடுத்த டேக் கிடையாது." டேக் என்ற சொல்லை அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார். முறைப்படி ராக்கி சூரியனைப் பார்த்து ஒற்றைக் காலில் நின்று மூன்று சால மரத்து இலைகளைக் கிழித்து, ஒரு செம்புத் தண்ணீரைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான். விவாகரத்து ஆயிற்று. தும்னி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூடையில் ஏறினாள்.

இரண்டாவது டேக்கில் சிந்தூரம் வைக்கிற சமயம் மாஞ்சியின் சட்டைப்பையில் செல்போன் பாட்டுப் பாடியது. மறுபடி இலை, மறுபடி செம்பு. மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்து, ராக்கியின் விரல் நெற்றியில் பட்டதும் தும்னி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு உனக்கு?" என்று சிங்ராய் எரிந்து விழுந்தான்.

"காலையிலேர்ந்து ரெண்டு தடவை தீர்த்துவிட்டவன் மூணாந்தடவை வெட்கமே இல்லாம வந்து நிக்கறானே, சிரிக்காம என்ன பண்றது டைரக்டரே?"

ஊர்ப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதற்குள் ஒரு புண்ணியவான் இதையெல்லாம் செல்போனில் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டிருந்தான். அது சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்த இடம் ராக்கியின் பெண்டாட்டி. வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்த்ததும் ராக்கி சிந்தூரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"மேக்கப்புடி, எல்லாம் மேக்கப்பு," என்றான்.

"பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா கொடு."

மாஞ்சி போனை வாங்கி, பொய்யே பேசாதவர் முகத்தோடு சொன்னார். "ஆமாம் தாயி. காலையிலேர்ந்து மூணு கல்யாணம். ரெண்டு தீர்ந்துடுச்சு, ஒண்ணு பாக்கி இருக்கு."

பாக்கியைத் தீர்க்க ராக்கி இலையை எடுத்தான். அவசரத்தில் இலை கோணலாகக் கிழிந்தது. செம்பை உதைத்தான், பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றது. கூட்டம் உச்சுக் கொட்டியது. இலை நேராகக் கிழியாவிட்டால், தண்ணீர் மிச்சம் இருந்தால், இரண்டு பேர் மனசும் இன்னும் அறவில்லை என்று அர்த்தம். "உள்ளுக்குள்ள இவ மேல ஆசை இருக்குதுடா உனக்கு," என்றார் மாஞ்சி. போன் இன்னும் அணையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சொற்களைக் கேட்டுக் கும்பாவே காதைப் பொத்திக்கொண்டான். ராக்கி புது இலை பறித்து, வகிடெடுத்தாற்போல நேராகக் கிழித்து, செம்பை வேலிக்கு அப்பால் போய் விழுகிற மாதிரி உதைத்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான்.

சிங்ராய் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. நிமாய் கேமராப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா அதையே பார்த்தார்.

"அவன் மூஞ்சியைத்தான் முதல் டேக்லேர்ந்து வேணுமட்டும் எடுத்தாச்சே," என்றாள் தும்னி. "இனி கை மட்டும் தெரிஞ்சா போதாதா? எந்தக் கையா இருந்தா என்ன?"

"யார் கையை வைக்கிறது?"

"உங்களுக்குக் கை இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. படத்துக்காகத்தான், படத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிங்ராய் கும்பாவின் தோளில் ஏறினான். கூடை உயர்ந்தது. அவள் முகத்திரையை விலக்கி, வகிட்டில் சிந்தூரத்தை இழுத்தான். ஒரு பொட்டு அவள் மூக்கிலும் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கியதும் ஓடிப்போய்க் கேமராவில் பார்த்தான். கை உயர்கிறது. அவ்வளவுதான், அதற்கு மேல் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு கிழவி திரை முழுக்க நின்றாள்.

"பழக்க தோஷம் தம்பி," என்றார் நிமாய், குற்றவாளி மாதிரி. "சிந்தூரம் வைக்கிறப்போ பொண்ணோட அம்மா அழறதை எடுக்காட்டி கல்யாண வீட்டுல என்னைக் கொன்னுடுவாங்க. கை தானா திரும்பிடுச்சு. இன்னொண்ணு எடுத்துடலாம், கால் மணி நேரம் இருக்கு."

மாஞ்சி மூன்று இலைகளையும் ஒரு செம்பையும் கொண்டுவந்து வைத்தார். "சரி, கிழி."

சிங்ராய் இலைகளை வாங்கினான். கிழித்தால் ஷாட் உண்டு, படம் உண்டு, சந்தையில் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஒற்றைக் காலில் நின்று சூரியனைப் பார்த்தான். தும்னி கூடைக்குள் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கில் விழுந்த சிந்தூரத்தைக்கூடத் துடைக்காமல். இலையைப் பிடித்த விரல்கள் அசையவே இல்லை.

"பாபா, என்னால முடியல."

"ஏன், இலை முத்தலா?"

"இல்ல. எனக்கு இவளை விட மனசு இல்ல."

"அதை என்கிட்ட சொன்னா? கூடையில நானா உட்கார்ந்திருக்கேன்?"

சிரிப்பு கிளம்பி அடங்கியது. சிங்ராய் காலைக் கீழே ஊன்றித் தும்னி பக்கம் திரும்பினான். எத்தனை பக்கம் காதல் வசனம் எழுதியவன். "நான் கிழிக்க மாட்டேன் தும்னி," என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

"மூணு படத்துல கண்டவனுக்கெல்லாம் உருகி உருகி எழுதினீங்க. உங்களுக்கு இதுதான் மிச்சமா?"

"உங்க அப்பா கால்ல நாளைக்கே வந்து விழறேன். படம் போனா போகட்டும். நீ இருந்தா போதும் எனக்கு."

நிஜமாகவே படம் போய்விட்டது என்றுதான் நினைத்தான். இத்தனை நாள் உயிரைக் கொடுத்து எடுத்த படம், அழுகையும் வந்தது. தும்னிக்கும் கண் கலங்கிற்று, ஆனால் அவள் அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறவள் இல்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு மாஞ்சியிடம் கேட்டாள்.

"பாபா, புருஷன் சொந்தப் பெண்டாட்டிக்கு சிந்தூரம் வச்சா இலை கிழிக்கணுமா?"

"அது எதுக்குக் கிழிக்கணும்? தினம்கூட வைக்கலாம்."

"அப்போ எங்களுக்கு டேக்குக்குக் கணக்கு உண்டா?"

அன்றைக்கு முதல் தடவையாக மாஞ்சி முகத்தில் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "தூக்குங்கடா கூடையை," என்றார்.

கூடை உயர்ந்தது. கும்பா முனகிக்கொண்டே சிங்ராயைத் தோளில் ஏற்றினான். நிமாய் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை அவன் கைமேலேயே நிறுத்தினார். சாய்ந்த வெயிலில் சிந்தூரம் வகிட்டில் நேராக, பளிச்சென்று இறங்கியது. ஒரு குறையும் இல்லை. "பிரமாதம் தம்பி, முடிஞ்சுது," என்று நிமாய் பையை எடுக்கப் போனார்.

சிங்ராய் தோளிலிருந்து இறங்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றான்.

கும்பா வாய்விட்டுத் திட்டினான். தும்னி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முகத்தை நீட்டினாள்.