அதே பழைய ஆள்

கையெழுத்தம்மாவின் வீட்டு வாசல் அவள் கணவனைப் பதினான்கு மாதம் உள்ளே விடவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. கூரியர்காரர், மீட்டர் பார்ப்பவர், எதிர்வீட்டுப் பூனை எல்லாரும் வந்துபோனார்கள். அவன் கால் மட்டும் நிலைப்படிக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றுவிடும். தச்சர் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்துப் பார்த்தார். கால் அப்போதும் நின்றது. "இது மரவேலை இல்லம்மா" என்று சொல்லி, உளியைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவள் வேலை பார்த்தது லிஃப்ட்டுக்கும் இன்குபேட்டருக்கும் கண்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனியில். போர்டிலுள்ள சிப், கரண்ட் வந்து கண் விழித்ததும், தான் ஓட்டவேண்டிய நிரலில் அவள் போட்ட டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் அசையாது. கணவன் அதைப் "பொட்டிக்குக் கையெழுத்துப் போடுற உத்தியோகம்" என்று நக்கலடித்தே காலம் தள்ளினான். பிறகு ஏதோ கோபத்தில் வீட்டை விட்டுப் போனவன், ஐந்து வருடம் கழித்துப் பெட்டியோடு வந்து, "நான் அதே பழைய ஆள்தான், எதுவும் மாறல" என்றான். அன்றுதான் கால் முதலில் நின்றது.

அவளுக்கு அவன் வேண்டியிருந்தான். அந்த ஐந்து வருடமும் வேண்டித்தான் இருந்தான். அவன் உள்ளங்கையில் பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கூடப் பார்த்தாள். வாசல் மசியவில்லை. வெளியே மாடிப்படிக்கு அடியில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் தடையில்லாமல் போய் வந்தது. ஒரு மழைக்காலம் கழிந்தது, அவன் மீசை நரைத்தது.

ஒரு ஞாயிறு காலை, பொழுது போகாமல், "அந்த ஆபீஸ்ல நீ என்னதான் பண்றே?" என்று கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் நிலைப்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்தாள்.

"கையெழுத்து மட்டும் போதாதுங்க. நிரலைத் திருத்தும்போதெல்லாம் அதோட வெர்ஷன் நம்பர் ஒண்ணு ஏறும். அதைச் சிப்புக்குள்ளயே அழிக்க முடியாதபடி எரிச்சு வெச்சிருவோம். அப்புறம் பழசைக் கொண்டுவந்தா, நானே கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஏத்துக்காது."

"ஏன்?"

"பழசுல ஓட்டை இருக்கும். அது தெரிஞ்சுதானே திருத்தினோம்."

அவன், "என்கிட்ட என்ன ஓட்டை இருந்துச்சு?" என்று கேட்டு, அவள் சொல்வது நன்றாகக் காதில் விழட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்தான். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பாதி சொல்லும்போதுதான் அவன் கூடத்துக்குள் உட்கார்ந்திருப்பதை இரண்டு பேரும் கவனித்தார்கள். அவள் மீதியையும் சொல்லி முடித்துவிட்டு அழுதாள்.

இப்போதும் கடைக்குப் போய்த் திரும்பினால், அவளிடம் இதுவரை கேட்காத ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் அவன் செருப்பைக் கழற்றுகிறான். கேள்வி எதுவும் தோன்றாத நாளில், தோன்றும்வரை பூனையோடு வெளியே உட்கார்ந்திருப்பான்.