அறுபத்தெட்டு டிகிரி

...அறுபத்தாறு, அறுபத்தேழு, மறுபடி அறுபத்தாறு, இதில் பயப்பட ஒன்றுமில்லை, எண்பது வரை போனாலும் பாதகமில்லை, தொண்ணூறைத் தாண்டி நூறை நெருங்கினால்தான் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணையும் என்று படித்ததெல்லாம் மனப்பாடம், பிறகு ஏன் இந்த மாதத்தில் இரண்டு முறை அணைந்தது? திரையின் மூலையில் அந்த எண், நடுவில் யாரோ ஓர் அமெரிக்க டாக்டர் முணுமுணுத்த நோயாளிக் குறிப்பு, நான் கேட்டுத் திருத்த வேண்டியது குறிப்பை, கண் போவதெல்லாம் எண்ணுக்கு. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இணைப்பு அறுபடக் கூடாது, மாதத்தில் மூன்று முறை அறுந்தால் ஒப்பந்தம் முடிந்தது, இரண்டு ஆகிவிட்டது, இன்னும் எட்டு நாள் ஓட்ட வேண்டும்... பத்தொன்பது வருஷம் பார்த்த வேலை போய், பதினாலு மாதம் இந்தப் பெருங்களத்தூர் ஃபிளாட்டில் சும்மா கிடந்து, ஐம்பதை நெருங்குகிறவனுக்குக் கிடைத்த வேலை இது. இதுவும் போனால் என் மனைவி ஜெரூஷா ஒன்றும் சொல்லமாட்டாள், ஸ்கூலிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு ‘சாப்டீங்களா’ என்றுதான் கேட்பாள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

சூடுதான் காரணம் என்று முதலில் நம்பினேன், எவ்வளவு சந்தோஷமாக நம்பினேன், சனிக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு பஞ்சர் கடைக்கே போனேன், கடைக்காரர் தனக்கோடி டயருக்குக் காற்றடிக்கும் குழாயை உள்ளே விட்டு ஊதிவிட்டு, “இன்னா சார், இம்மாம் தூசி கீது, இத்த வெச்சிகினு இது ஓடிகினு இருந்ததே பெர்சு” என்றார். வெட்கமாக இருந்தது, ஆனால் காரணம் கிடைத்துவிட்டதே. வீட்டுக்கு வந்து ப்ராசஸர்மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய பசையைச் சுரண்டிப் புதிது தடவினேன், எண் பத்து டிகிரி இறங்கியது, இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் அறுபத்தைந்திலேயே அணைந்தது. மெமரியைக் கழற்றி மாட்டினேன், பவர் சப்ளையை மாற்றினேன், பிளக்கை வேறு சுவருக்குக் கொண்டுபோனேன். நோய்க்கும் பார் பேய்க்கும் பார் என்பார்கள், ஜெரூஷா நேற்று கம்ப்யூட்டர்மேல் கைவைத்து ஜெபமே பண்ணினாள், நான் சிரிக்கவில்லை, ஆமென் சொன்னேன். கம்ப்யூட்டரே எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தால் ‘எதிர்பாராமல் நின்றது’ என்று மட்டும் இருக்கிறது, அது எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு முறை தொண்ணூற்றைந்து காட்டினால் போதும், இதுதான் என்று கையைக் காட்டிவிடுவேன்... அறுபத்தேழு, அறுபத்தெட்டு, ‘நோயாளிக்கு வலி இல்லை’ என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது, திரை போய்விட்டது.

போன் வரப்போகிறது என்று தெரியும், வந்தது, டீம் லீடர் டெபோரா, என் வயதில் பாதி இருக்கும், “சார், மறுபடியும் கட் ஆயிடுச்சே, கரண்ட் இல்லையா?” கரண்ட் இருந்தது, தலைக்குமேல் ஃபேன் ஓடியது. தெரியல மேடம் என்றேன். “தெரியலன்னு போட முடியாது சார், காரணம் காலியா இருந்தா ஃபார்ம் உள்ளயே போகாது, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.” சொன்னால் வேலை நிலைக்குமா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “இல்ல சார், மூணு ஆயிடுச்சு. கான்ட்ராக்ட க்ளோஸ் பண்றதுக்குத்தான் ஃபார்ம்ல காரணம் கேக்குது.” சூடுன்னு போட்டுக்கோங்க என்று என் வாய் சொன்னது, காரணமில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். சரி சார் என்று அவள் தட்டும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், இரண்டு வினாடிகூட ஆகவில்லை. பழைய கம்பெனி கொடுத்த கடிதத்தில் ‘செயல்திறன் குறைவு’ என்று இரண்டே வார்த்தை, அதை வைத்துக்கொண்டு எங்கே குறைந்தேன், எந்த வருஷம் குறைந்தேன் என்று என்னையே கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்... அந்தக் கடிதத்தைத் தட்டியவருக்கும் அன்றைக்கு ஏதாவது ஒன்று போட்டாக வேண்டியிருந்ததோ?