இல்லீங்க

காலையில் எழுந்ததும் மோட்டார் சுவிட்சைப் போடுகிறேன். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வருகிறேன். பல் துலக்குகிறேன். டீ வைக்கிறேன், ஒரு டம்ளர். மாவு இருந்தால் தோசை, இல்லாவிட்டால் பிரெட். மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்துகிறேன். குளித்துவிட்டுத் துடியலூரிலிருந்து சரவணம்பட்டிக்கு வண்டியில் போகிறேன். அங்கே ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. பொற்கொடி இறந்த பிறகும் இதில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

அன்றும் அப்படித்தான். தோசையைத் திருப்பும்போது போன் அடித்தது. மாமனார் நஞ்சப்பன்.

"மாப்ள, டிவியப் போடுங்க. நம்ம புள்ளயக் காட்டறாங்க."

போட்டேன். 'புதையல் பூமி' நிகழ்ச்சியின் விளம்பரம். மாலை போட்ட பொற்கொடியின் படம். பின்னால் பம்பை அடிக்கும் சத்தம். படத்தின் மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. 'பொற்கொடியின் கடைசி வார்த்தை! இறக்கும் முன் அவர் காட்டிய இடம்!'

"கடைசியா தோண்டச் சொன்னாளாமா, மாப்ள?" என்றார் மாமா. "எங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லலியாட்ட இருக்குது."

"இல்லீங்க மாமா. அவ அப்படிச் சொல்லலீங்க."

"டிவில போடறாங்களே."

போனை வைத்துவிட்டார். தோசை கருகிவிட்டது.

பொற்கொடி சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தாள். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் அரங்கசாமி என்பவரின் தென்னந்தோப்பில் 'புதையல் பூமி'க்காரர்கள் குழி தோண்டினார்கள். உள்ளூரில் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கல்லூரிக்குக் கேட்டு வந்தார்கள். இவளை அனுப்பினார்கள். போகும்போது உற்சாகமாகத்தான் போனாள். மண்ணடுக்கு பற்றி, பானை ஓடு பற்றி நாலு நல்ல விஷயம் சொல்லலாம் என்று நினைத்தாள்.

குழியிலிருந்து பானை வந்தது. தோப்புக்காரர் அரங்கசாமி பக்கத்தில் நின்று, "எத்தன பழசு அம்மணி?" என்று கேட்டார். இவள் பானையைச் சுண்டிப் பார்த்தாள். பொங்கல் பானைக்குப் பூசுகிற காவி விரலில் ஒட்டியது.

"இது ரெண்டாயிரம் வருசத்துப் பானை இல்லீங்க" என்றாள்.

ஒளிபரப்பில் வந்தது இது: "இது ரெண்டாயிரம் வருசத்துப் பானை."

அவர்கள் எதையும் சேர்க்கவில்லை. வேறு குரல் கொடுக்கவில்லை. கடைசிச் சொல்லை மட்டும் எடுத்தார்கள். நம் பேச்சில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. வாலை நறுக்கினால் பொய் தானாகவே எழுந்து நடக்கிறது.

எனக்கு அது வெட்டு என்று உடனே தெரிந்தது. 'ங்க' இல்லாமல் அவள் பேச்சை முடித்து நான் கேட்டதில்லை. வகுப்புப் பிள்ளைகளுக்கும் 'ங்க'தான். வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் நகருங்க" என்பாள். அந்த 'இல்லீங்க'வில் உண்மையும் இருந்தது, மரியாதையும் இருந்தது. ஒரே வெட்டில் இரண்டும் போயின. ஊரார் கண்ணுக்கு மரியாதை போனது மட்டும் தெரிந்தது.

மாமா இளவயதில் அந்தத் தோப்பில் கூலிக்குத் தண்ணீர் கட்டியவர். அரங்கசாமி அவருக்குப் போன் செய்தார்.

"ஏப்பா நஞ்சா, உன்ற புள்ள படிச்சுப்போட்டா எங்கட்ட 'ங்க' போட மாட்டாளா? ஊரே பாத்துச் சிரிக்குது."

"அப்படிப் பேச மாட்டாளுங்க ஐயா."

"நாந்தான பக்கத்துல நின்னேன்."

"அப்ப அங்க என்ன சொன்னாளுங்க?"

"அதான் டிவில போட்டாங்களேப்பா."

நேரில் கேட்டவருக்கும் டிவியில் கேட்டதுதான் நினைவில் நின்றது. மாமா இதைச் சொன்னபோது பொற்கொடி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கல்லூரியில் மாணவர்கள், "மேடம், நிஜமாவே ரெண்டாயிரம் வருசமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சிக்காரர்களுக்குப் போன் மேல் போன் செய்தாள். அடுத்த வாரம் சரிசெய்கிறோம் என்றார்கள். ஒருநாள் என்னிடம் போனை நீட்டினாள்.

"நீங்க பேசுங்க. என்ற 'இல்லீங்க'வத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பேசினேன். கொடுக்கவில்லை. அதன் பின் அவளுக்கு டெங்கு வந்தது.

விளம்பரம் வந்த அன்று சாயங்காலமே கிருபாசங்கர் வீட்டுக்கு வந்தார். நிகழ்ச்சியை எடுப்பதும் அவர்தான், முன்னால் நின்று பேசுவதும் அவர்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பொற்கொடியின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டதுபோல்தான் இருந்தது.

"மேடத்துக்கு நாங்க செய்யற மரியாதை பிரதர் இது. அதே தோப்பு, ரெண்டாவது குழி. நீங்க வந்து நிக்கணும்."

"அவ எந்த இடத்தையும் காட்டல."

"உங்ககிட்ட சொல்லாம இருந்திருக்கலாம். எங்க ஆபீசுக்குப் போன் பண்ணாங்களே."

"பண்ணினா. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஒரு சின்ன எடிட் பிரதர். ஜனங்க சந்தோஷமாப் பாக்கறாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவ பேசினத முழுசாப் போடுங்க. வர்றேன்."

"அந்த ஃபுட்டேஜ் இப்ப இல்லையே. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"ஒரு வார்த்தை பேசறேன்."

"சூப்பர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தோப்பில் நல்ல கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், பஜ்ஜிக் கடை, ஒரு ட்ரோன். நடுவில் மேசை. அதன் மேல் பொற்கொடியின் படம். படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பானை. தொட்டவர்களின் கைபட்டுக் காவி திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தது. இரண்டாவது குழியை ஏற்கெனவே தோண்டி, மூடி, மேலே காய்ந்த மட்டை பரப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் அது தெரிந்தது. பஜ்ஜியைத் தின்றபடி காத்திருந்தார்கள்.

அரங்கசாமி முதல் வரிசையில் இருந்தார். மாமா அவர் முன்னால் உட்காராமல் நின்றபடியே இருந்தார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க மாமா" என்றேன். அரங்கசாமி பார்த்தார். மாமா உட்கார்ந்தார்.

என் சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். கிருபாசங்கர் கேமரா முன்னால் வேறு ஆளாக மாறினார். குரல் தழுதழுத்தது.

"கௌதமன், உங்க மனைவி கடைசியாப் பேசினது இந்தப் புதையலைப் பத்தித்தானே?"

"இல்லீங்க."

அவர் முகம் மாறவில்லை. தொழில் தெரிந்தவர்.

"அவங்க மனசுல இந்த மண்ணுதானே இருந்தது?"

"இல்லீங்க."

"புதையல் கிடைக்கணும்ங்கறதுதானே அவங்க ஆசை?"

"இல்லீங்க."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். இந்த ஒரு சொல்லை இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். இதற்கு வால் கிடையாது. எந்தப் பக்கம் வெட்டினாலும் இது 'ஆமாம்' ஆகாது. கிருபாசங்கருக்கும் அது புரிந்தது. கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

"அப்ப அவங்க சொன்னது பொய் இல்லைதானே?"

இதற்கு 'இல்லீங்க' என்றால் அவருக்கு வசதியாகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். கேமராவையே பார்த்தேன். அவர் பொறுமை இழந்து பானையைக் கையில் எடுத்தார்.

"இது ரெண்டாயிரம் வருஷத்துப் பானை!"

"இல்லீங்க."

அரங்கசாமி நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"அடடே! நில்லுங்க, நில்லுங்க. அந்தம்மணியும் இதத்தான சொல்லுச்சு! இதே எடத்துல நின்னு, பானையச் சுண்டிப் பாத்துப்போட்டு, 'பானை இல்லீங்க'ன்னு சொல்லுச்சு. என்ற காதால கேட்டனே!" அவர் தன் காதையே பிடித்துக்கொண்டார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "நஞ்சப்பா, உன்ற புள்ள 'ங்க' போட்டுத்தான்ப்பா பேசுச்சு. இவங்கதான் புடுங்கிப்போட்டாங்க."

மாமா எழவில்லை. உட்கார்ந்தபடியே, "அதத்தானுங்க நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

"கட்" என்றார் கிருபாசங்கர்.

ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதற்கெல்லாம் அவரால் கட் சொல்ல முடியவில்லை.

"இத ஒளிபரப்ப முடியாது பிரதர்" என்றார் என்னிடம், தன் பழைய குரலில்.

"தெரியும்."

"மேடத்துக்கு எவ்வளவு பெரிய பேர் வந்திருக்கும் தெரியுமா?"

"அவ கேட்டது பேர் இல்ல."

அரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏனுங்க, ரெண்டு குழியையும் ஒழுங்கா மூடிப்போட்டுக் கெளம்புங்க. தென்னை வேரெல்லாம் வெளிய தெரியுது. பானையையும் எடுத்துக்குங்க, தைப்பொங்கலுக்கு ஆவும்." வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் அவர்களை விரட்டினார். கூட்டம் விசிலடித்தது. பஜ்ஜிக் கடைக்காரர் மட்டும் வருத்தமாக நின்றார்.

மேசை மேலிருந்த பொற்கொடியின் படத்தை எடுத்தேன். "அது எங்க ப்ராப்பர்ட்டி சார்" என்று உதவியாளர் ஒருவர் வந்தார். திரும்பிப் பார்த்தேன். போய்விட்டார். மாலையைக் கழற்றி மேசையிலேயே வைத்துவிட்டுப் படத்தை மாமாவிடம் கொடுத்தேன். சட்டையிலிருந்த மைக்கை அவிழ்த்துப் பானைக்குள் போட்டேன்.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. பின்னால் மாமா படத்தை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றபோது என் தோளைத் தொட்டார்.

"மாப்ள. அப்ப கடைசியா என்னதான் சொன்னா?"

இத்தனை நாளில் அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று டிவிதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். எதையும் சேர்க்காமல், எதையும் எடுக்காமல் சொன்னேன்.

அன்றைக்குக் காலையில் திடீரென்று முடியாமல் போய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐசியூ கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் நிறுத்தினார்கள். என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"ஏனுங்க, மோட்டார நிறுத்திப்போட்டுத்தான வந்தீங்க?"